ராயபுரம் சொந்தங்கள்

கார்த்தி: கொஞ்ச நாளாக எடுத்ததில் எனக்குப் பிடித்ததை மட்டும் போடுகிறேன். பொறுமையாகப் பாருங்கள்.
[படங்கள்]

சரசா அத்தை: நாலாவது படம் நானாடா? மூக்குத்திக்குப் பக்கத்தில் மீன் செதில் ஒட்டியிருக்கிறதே! காசிமேட்டில் ஏலம் முடிந்து வந்த முகத்தை எவனாவது படம் எடுப்பானா?

கார்த்தி: விடிந்ததும் வெயில் பக்கவாட்டில் விழுந்தது அத்தை. அந்தச் செதில் மூக்குத்தியைவிட நன்றாக மின்னுகிறது. அதை அழிக்கச் சொல்லாதே.

திவ்யா: அழிக்கவே கூடாது. கல்யாண ஆல்பங்களில்தான் எல்லாருக்கும் மாவு பூசின மாதிரி முகத்தை வழித்துவிடுகிறார்கள். இதில் அம்மா ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டு மூச்சு வாங்குவதுகூடத் தெரிகிறது.

பெரியப்பா: தாலி கட்டும் படம் அருமை. ஆனால் மாப்பிள்ளை வேட்டி ஏன் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது?

கார்த்தி: மேடை எல்இடி பெரியப்பா. ஊதா விளக்கில் அரக்குப் பட்டெல்லாம் கறுப்பாகிவிடும். கெட்டிமேளம் கொட்டும்போதாவது வெள்ளை விளக்கு மட்டும் போடுங்கள் என்று முதலிலேயே கேட்டுவைப்பேன். சில இடத்தில் கேட்பார்கள். அப்புறம் செல்போன். முடிச்சுப் போடும் நேரம் பார்த்து நடுவில் யாராவது ஒரு சித்தப்பா கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

சித்தப்பா: என்னைச் சொல்லவில்லையே?

மாலா சித்தி: உங்களைத்தான்.

சித்தப்பா: சரி சரி. அந்தப் பறவைப் படம் பழவேற்காடா?

கார்த்தி: ஆமாம், பூநாரை. பொன்னேரி வழியாக பைக்கில் போனேன். கிட்டே போனால் பறந்துவிடும், அதனால் படம் சுமார்தான்.

திவ்யா: கடைசிப் படத்துக்கு வருகிறேன். தையில் என் கல்யாணம் முடிந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் அதே பால்வீதி வேண்டும்.

மாலா சித்தி: அது கம்ப்யூட்டரில் செய்ததுதானே? நம் மொட்டைமாடியில் நின்றால் நாலு நட்சத்திரம் தெரிவதே பெரிய விஷயம்.

கார்த்தி: நிஜ வானம்தான் சித்தி. இங்கே துறைமுக விளக்கும் மணலி ஆலை வெளிச்சமும் வானத்தை வெளுக்க வைத்துவிடும். இது ஜவ்வாது மலை, ஆலங்காயம் தாண்டி காவலூர் பக்கம். 2.3 மீட்டர் தொலைநோக்கி உள்ள வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது, அவ்வளவு இருட்டு. ஸ்டாண்டில் கேமராவை வைத்து, 20 எம்எம் லென்ஸில் ஷட்டரை 20 விநாடி திறந்து வைத்தேன். ஃபுல் ஃபிரேம், அதாவது பெரிய சென்சார் உள்ள கேமராவில் 500ஐ லென்ஸ் எண்ணால் வகுத்தால் எவ்வளவு நேரம் போகலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இதற்கு 25 விநாடி. அதைத் தாண்டினால் பூமி சுற்றுவதில் நட்சத்திரம் எல்லாம் கோடாகிவிடும். கண்ணுக்கு இவ்வளவு நிறம் தெரியாது, அது மட்டும் உண்மை.

கார்த்தி: ஆனால் திவ்யா, தையில் இந்தப் படம் கிடைக்காது.

திவ்யா: ஏன்? மலைக்குத்தானே போகப்போகிறோம்?

பெரியப்பா: மார்கழியில் சூரியன் தனுசில் அல்லவா இருக்கிறான். பால்வீதியின் நடுப்பகுதியும் அந்தப் பக்கம்தானே கார்த்தி?

கார்த்தி: அதேதான் பெரியப்பா. அப்போது சூரியனோடு எழுந்து சூரியனோடு மறையும். தையில் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தலைகாட்டும், அவ்வளவுதான். பங்குனி, சித்திரையில் பின்னிரவில் நன்றாக மேலே வந்திருக்கும். ஆனியில் ராத்திரி முழுக்க இருக்கும், ஆனால் மேகம் விடாது.

திவ்யா: பங்குனி வரைக்கும் காத்திருக்க முடியாது. தையில் வேறு என்ன தெரியும்?

கார்த்தி: இருட்டினதும் கார்த்திகைக் கூட்டம் உச்சிப் பக்கம் இருக்கும். திருவாதிரை சிவப்பாகத் தெரியும். எனக்கு அதுவே பிடிக்கும். ஆனால் இரண்டு பேரும் 20 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். மாப்பிள்ளை நிற்பாரா?

திவ்யா: போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் நிற்பார்.

சரசா அத்தை: என்றைக்குப் போவதாக உத்தேசம்?

கார்த்தி: அமாவாசைக்கு. நிலா இருந்தால் பாதி நட்சத்திரம் காணாமல் போய்விடும்.

சரசா அத்தை: அமாவாசை ராத்திரி புதுப்பெண்ணை மலைக்கு அனுப்புவதா? நடக்கவே நடக்காது.

பெரியப்பா: அமாவாசை நிறைந்த நாள் சரசா.

சரசா அத்தை: பகலில் நிறைந்த நாள்தான் அண்ணா. நான் ராத்திரியைச் சொல்கிறேன்.

கார்த்தி: சரி, மூன்றாம் பிறை அன்று போகலாம். அது சீக்கிரம் மறைந்துவிடும், அப்புறம் இருட்டுதான்.

சரசா அத்தை: மூன்றாம் பிறை பார்ப்பது நல்லது. அப்படியென்றால் நானும் வருகிறேன், வேன் பேசு.

சித்தப்பா: எனக்கும் ஒரு சீட்.

கார்த்தி: வாருங்கள். ஆனால் படம் எடுக்கும்போது யாராவது செல்போன் டார்ச் அடித்தால் வாணியம்பாடியில் பஸ் ஏற்றிவிடுவேன்.

மாலா சித்தி: இவருக்கு இப்போதே டிக்கெட் எடுத்துவிடு.