பெக்கோ பிடிக்க முன்னர் இதையும் ஒருக்கால் வாசியுங்கள்

அன்பான ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

ரொறன்ரோ அண்ணா போன கிழமை எழுதியதையும், அதற்குப் பரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த பதில்களையும் வாசித்தேன். யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில் ஆளில்லாமல் கிடக்கும் எங்கள் வட்டாரத்துக் காணிகளை, எல்லோருமாகக் காசு சேர்த்து, பெக்கோ (மண் வாரும் இயந்திரம்) பிடித்து, ஒரே மூச்சில் துப்புரவாக்கி விடுவோம் என்ற யோசனை. வேலணையிலிருந்து பாலம் கடந்து ஊருக்குள் இறங்கியதும் இரண்டு பக்கமும் பற்றை வீதிக்கு ஏறி நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் அந்த எண்ணம் வரும். எங்களுக்கும் வந்தது. எங்கள் குடும்பம் அதைச் செய்தும் பார்த்தது. செய்து பட்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் சீதனக் காணி ஆறு பரப்பு. 1991இல் வீட்டைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவர் அம்மா. இப்போது பங்குகாரர் ஐந்து பேர், நான்கு நாட்டில் இருக்கிறோம். 2018இல் ஐவரும் காசு போட்டோம். தெரிந்த ஒருவர் மூலம் பெக்கோ பிடித்தோம். ஒன்றரை நாளில் காணி வழித்தாகிவிட்டது. வட்சப்பில் படம் வந்தது. ஒரு புல் பூண்டு இல்லாத வெறும் நிலம், நடுவில் கூரையில்லாத எங்கள் வீடு. அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து அழுதார். நாங்களும் ஒரு கடன் தீர்ந்ததுபோல் இருந்தோம்.

இரண்டு மாரி போயிற்று. ஊருக்குப் போய் வந்த மச்சான் ஒருவர் படம் அனுப்பினார். காணி முழுக்க இப்பில் இப்பில் மரம், ஆள் உயரத்துக்கு மேலே, கம்பு நட்டதுபோல் நெருக்கமாக. முன்பு அது மேற்கு மூலையில் பத்துப் பதினைந்து மரமாக மட்டும் நின்றது. வேலியோரத்தில் மட்டும் இருந்த நாகதாளிச் சப்பாத்திக்கள்ளி இப்போது எட்டு இடத்தில். எங்கள் காணியில் ஒருபோதும் இல்லாத பார்த்தீனியம் என்ற களை படலைக்குள்ளேயே வெள்ளைப் பூவோடு நின்றது. இயந்திரத்தின் சக்கரத்து மண்ணோடுதான் அது வந்திருக்க வேண்டும். கிளுவை வேலி போயிற்று. இளம் பனை வடலி ஒன்றும் மிஞ்சவில்லை. பெக்கோ ஓட்டியவரில் பிழை சொல்ல மாட்டேன். வழிக்கச் சொன்னோம், வழித்தார். எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று நாங்கள் ஒருவரும் பக்கத்தில் நின்று சொல்லவில்லை.

2024 தை மாதம் நான் ஆறு கிழமை லீவு எடுத்துக்கொண்டு போனேன். மாரி முடிந்து நிலம் ஈரமாக இருக்கிற காலம், வேரோடு இழுத்தால் வரும். சித்திரைக்குப் பிறகு போனால் அந்தச் சுண்ணாம்புக் கல்லுத் தரையில் அலவாங்கே எகிறும். ஊரோடு இருக்கிற ஓர் அக்காவும், அவருடைய கணவரும், தம்பியும் வேலைக்கு வந்தார்கள். வெளியில் நின்று காணியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்த அக்கா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: “தம்பி, வெட்டுறதுக்கு எல்லாரும் காசு தருவினம். பிடுங்குறதுக்குத்தான் ஒருத்தரும் தரமாட்டினம்.”

மூன்றாம் நாள், நாயுண்ணிச் செடி (லன்டானா) மேடுபோல் படர்ந்து நின்ற ஓரிடத்துக்கு வந்தோம். நான் கத்தியோடு முன்னால் போக, அக்கா கையை நீட்டி மறித்தார். ஒரு கல்லை எடுத்து அந்தப் பற்றைக்குள் எறிந்தார். சத்தமில்லை. பிறகு கீழே, ஆழத்தில், தண்ணீர்ச் சத்தம். அம்மம்மா கட்டுவித்த கிணறு. அதன் சுற்றுச் சுவரை 2018இல் பெக்கோ இடித்துத் தள்ளியிருந்தது. வாய் திறந்த கிணற்றை நாயுண்ணி மூடி வளர்ந்திருந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் நான் உள்ளே. அன்று இரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “பூவரசுக்கு மேற்காலதானே?” என்று கேட்டார். பூவரசு அங்கே இல்லை. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

தயவுசெய்து, எந்தக் காணியிலும் ஆளையோ இயந்திரத்தையோ இறக்க முன்னர், கிணறு எங்கே இருந்தது என்று அந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் கீறி வாங்குங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

சரி, செடிகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் பற்றை என்று ஒரே பெயரில் சொல்லுவதில்தான் முதல் பிழை இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் திரும்பி வரும்.

நாகதாளியில் சாகிற பாகம் என்று ஒன்று கிடையாது. ஒரு மடல் நிலத்தில் விழுந்து கிடந்தால் போதும், அது வேர்விட்டுத் தனிச் செடியாகும். பெக்கோ அதை நொறுக்கி இழுத்துக்கொண்டு போனால், இழுத்த வழியெல்லாம் நட்டுக்கொண்டு போகிறது என்று அர்த்தம். நாங்கள் கொக்கத்தடியால் மடல் மடலாகக் கழற்றி, உரப்பையில் போட்டு, வீட்டின் பழைய சீமெந்துத் தரையில் பரப்பிக் காயவிட்டோம். மண் படாமல் காய வேண்டும். மீதியை ஆழக் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். பெரிய முள்ளுக்குப் பயப்பட வேண்டாம், கண்ணுக்குத் தெரியும். மடலில் மஞ்சள் மயிர்போல் கொத்துக் கொத்தாக இருக்கிறதே, அதுதான் தோலுக்குள் போய் நான்கு நாள் இருக்கும். சின்ன வயதில் பழம் தின்று வாய் சிவக்க வீட்டுக்குப் போய் அடி வாங்கியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த மடல் சிலவற்றில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. நகத்தால் நசுக்கினேன், கருஞ்சிவப்பாய்ச் சாறு வந்தது. கொச்சினீல் பூச்சி. இதற்கு எங்கள் கடலோடு ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1860களில் இந்தப் பூச்சியின் ஒரு வகையை இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்து வேறொரு சப்பாத்திக்கள்ளியை அழித்தார்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியைக் கொண்டுபோய்க் களையை அழித்ததில் உலகத்திலேயே மிக முந்திய முயற்சி என்று அதைச் சொல்வார்கள். பிறகு 1926இல், நாகதாளியைத் தின்னும் இன்னொரு வகை இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குப் போய், அங்கே பெரும்பரப்பில் நாகதாளியை வாட்டி எடுத்தது. பெருமழை அந்தப் பூச்சியை அடித்துக் கழுவிவிடும் என்பதால் அதை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. ஆனாலும் பூச்சி பிடித்த மடலைக் கண்டால் உடனே புதைக்காதீர்கள். எட்டாத இடத்தில் நிற்கும் நாகதாளியின் மேல் அதைக் கட்டித் தொங்கவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நாயுண்ணி 1826இல் அழகுச் செடியாகப் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அங்கிருந்து நாடு முழுக்கப் போயிற்று. கொப்பை வெட்டினால் இன்னும் அடர்ந்து வரும். அடிக்கட்டைக்குச் சுற்றி மண்ணை விலக்கி, நிலத்துக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் வேர் முண்டை வெட்டித் தலைகீழாகப் போட்டுவிட வேண்டும். அதன் பழத்தைத் தின்கிற குருவிகள் எந்த மரத்தில் குந்துகின்றனவோ, அந்த மரத்தடியைத்தான் அடுத்த வருடம் முதலில் பார்க்க வேண்டும். மாடு தின்றால் அதற்கு நஞ்சு, அதையும் மனதில் வையுங்கள்.

பார்த்தீனியம் 1987இல் இந்திய அமைதிப்படைக்கு இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. எப்படி வந்தாலும் சரி, ஒரு செடி பதினைந்தாயிரம் விதைக்கு மேல் போடும். முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்திலேயே பூத்துவிடும். பூக்க முன்னர் கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். வெறும் கையால் பிடுங்கித் தோல் வெடித்தவர்களும், இழுப்பு வந்தவர்களும் உண்டு.

இப்பில் இப்பில் பற்றித்தான் ஊரில் எனக்கு நிறைய வாக்குவாதம் நடந்தது. மெக்சிக்கோ மரம், பிலிப்பைன்ஸ் பெயர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அதிசய மரம் என்று சொல்லித்தான் உலகமெல்லாம் கொடுத்தார்கள். பசளைக்கு இலை, அடுப்புக்கு விறகு, ஆட்டுக்குக் குழை, வேலிக்குக் கதியால். அது பொய்யும் இல்லை. ஆள் இருந்து வெட்டிக்கொண்டே இருந்தால் அது நல்ல மரம். ஆள் இல்லாத காணியில் காய் முற்றி வெடித்துக் காற்றில் சலங்கைபோல் சத்தம் போடும், கீழே விதை கொட்டிக் கிடக்கும். அந்த விதை மண்ணுக்குள் பல வருடம் உறங்கும். நெருப்பு வைத்தால் போய்விடும் என்று சிலர் சொன்னார்கள். அந்த விதையை முளைக்க வைக்கவே வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். சூடு பட்டால் அதற்குத் தோல் திறக்கும். நெருப்பு வைக்க வேண்டாம்.

எங்களுக்கு வழி காட்டியது ஆடு. அடியோடு வெட்டிவிட்டு, துளிர் வரும்போதெல்லாம் அக்காவின் ஆடுகளைக் கட்டினோம். துளிர்க்கத் துளிர்க்கக் கடிபட்டு அடிக்கட்டை மெல்ல மெல்லச் செத்தது. ஆட்டுக்கும் இதையே முழுச் சாப்பாடாகக் கொடுக்கக் கூடாது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பெரிய கட்டைகளை மட்டும் அலவாங்கு போட்டுக் கிளப்பினோம்.

வெட்டக் கூடாதவை என்று ஒரு பட்டியலும் அக்கா வைத்திருந்தார். விடத்தல், காரை, ஈச்சை, ஆவரசு, நொச்சி, சின்ன வேம்பு, தானாக முளைத்த வடலி. இவை எங்கள் மண்ணின் பற்றை. முள்ளாய் இருந்தாலும் நிற்கட்டும் என்றார். சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் வெறும் காணியில் போய் நின்று பார்த்தால் ஏன் என்று விளங்கும். கல்லுக்கு மேல் ஒரு சாண், இரண்டு சாண் மண்தான் எங்களுக்கு இருக்கிறது. அது கண்ணுக்கு முன்னால் புழுதியாய்ப் பறக்கும். மழைநீர் நிலத்துக்குள் இறங்குவதற்கும் அந்த மண்தான் வேண்டும். கடலுக்கு நடுவில் கிடக்கும் ஊரில் நன்னீர் என்பது உப்புநீருக்கு மேல் மிதக்கிற ஒரு மெல்லிய படை. மாரி மழை இறங்கினால்தான் அந்தப் படை தடிக்கும். குடிதண்ணீருக்குப் பவுசர் வண்டியைப் பார்த்திருக்கும் ஊரில், மேல்மண்ணைக் கடலுக்கு அனுப்புகிற வேலையை நாங்களே காசு கொடுத்துச் செய்யக் கூடாது.

மூன்று பேரும் நானுமாக இருபத்து மூன்று நாள் எடுத்தது. அதற்குப் பிறகு அக்கா மாதம் இரண்டு நாள், மாரியில் நாலு நாள் போய்ப் பிடுங்குகிறார். நாங்கள் ஐவரும் மாதம் மாதம் அவருக்குக் கூலி அனுப்புகிறோம். முதல் மாரியில் முளைத்ததைப் பிடுங்கி 31 உரப்பை நிரப்பினார். அடுத்த மாரியில் ஒன்பது. படலைக்குள் இப்போது பார்த்தீனியம் இல்லை. கிணற்றுக்குக் கட்டு எழுப்பியாயிற்று.

ஆகவே என்னுடைய வேண்டுதல் இதுதான். நூறு காணியை ஒருதரம் வழிப்பதற்குப் பதிலாகப் பத்துக் காணியோடு தொடங்குவோம். சேரும் காசில் மூன்றில் ஒரு பங்கை முதல் வெட்டுக்கு வைப்போம், மற்ற இரண்டு பங்கையும் மூன்று வருடப் பிடுங்கலுக்கு என்று தொடாமல் வைப்போம். அந்தக் கூலி ஊரோடு இருக்கிற குடும்பங்களுக்கே போகட்டும். பெக்கோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளம் தூர்வாருவதற்கு அது வேண்டும். வந்தால், பாலம் தாண்ட முன்னர் சக்கரத்தையும் வாளியையும் கழுவித்தான் வர வேண்டும் என்று ஒப்பந்தம் பேசும்போதே எழுதிக்கொள்வோம்.

காணி கொடுக்க விரும்புகிறவர்கள் உறுதியில் உள்ள காணிப் பெயரையும் பரப்பையும் எழுதி, எல்லாப் பங்குகாரரின் ஒப்புதலையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு பங்குகாரர் மறுத்தாலும் அந்தக் காணியைத் தொட வேண்டாம். பற்றையால் வந்த மனக்கசப்பு போதும். பனை நின்றால் அதைத் தறிக்கிற பேச்சே வேண்டாம், அதற்கு அரச அனுமதியும் எடுக்க வேண்டும்.

பழைய கிளுவை வேலி நின்ற வரிசையில் வைப்பதற்காக அக்கா இருநூறு பனம்விதை பொறுக்கிக் கிணற்றடியில் குவித்து வைத்திருக்கிறார். முதல் மழை விழுந்ததும் புதைக்கப் போகிறாராம். மிஞ்சுவதை யாருடைய காணிக்குக் கொடுக்கலாம் என்று நேற்றுக் கேட்டார். மழைக்கு முன்னர் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும், எழுதுங்கள்.

அன்புடன்,
சுவிஸிலிருந்து உங்கள் தம்பி