வேலைக்குப் போற தூரத்துக்கு தனியா காசு கேக்கலாமா? டர்பன் பக்கம் நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

வாஷிங்மெஷின் தம்பி, சாட்ஸ்வொர்த்

எல்லாருக்கும் வணக்கம். ஊர்லேர்ந்து இங்க தென்னாப்பிரிக்காவுக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு, மூணு வருஷமா சொந்தமா வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கேட் மோட்டர் ரிப்பேர் பண்றேன். ஒரு பழைய பக்கி (பின்னாடி சாமான் ஏத்தற பிக்-அப் வண்டி), டூல் பாக்ஸ், நான் ஒரே ஆள். இதுவரைக்கும் யார்கிட்டயும் போக்குவரத்துக்குன்னு காசு வாங்கினதில்ல, வேலைக்கு மட்டும்தான் பில் போடுவேன். சாட்ஸ்வொர்த், ஷால்க்ராஸ், குயின்ஸ்பர்க்னு சுத்தின வரைக்கும் அது ஒண்ணும் தெரியல. இப்ப வாட்ஸ்அப்ல ஒருத்தர் சொல்லி ஒருத்தர்னு பலிட்டோ, ஸ்டாங்கர் வரைக்கும் கூப்பிடுறாங்க.

போன செவ்வாக்கிழமை பலிட்டோலேர்ந்து ஒரு அம்மா போன். மெஷின் செத்துப்போச்சு, தண்ணியே ஏறல, நாளைக்கு ஊர்லேர்ந்து ஆளுங்க வராங்க, உடனே வாப்பான்னாங்க. கையில இருந்த வேலைய அப்படியே போட்டுட்டு என்2 ஹைவே புடிச்சு டோங்காட் டோல் கட்டிட்டு போறேன். மெஷின முன்னாடி இழுத்து பின்னாடி டார்ச் அடிச்சு பாத்தா தூசி, ஒரு ஒத்த சாக்ஸ், அதுக்கு மேல குழாய் குறுக்கால திரும்பி மூடி கிடக்கு. முந்தின வாரம் பாத்ரூம் வேலைக்கு வந்தவன் எவனோ மூடிட்டு திறக்காம போயிருக்கான். திறந்தேன், சர்ருன்னு தண்ணி ஏறுச்சு. மொத்தம் நாலு நிமிஷம். காசு கேட்டப்ப அந்தம்மா என் முகத்த பாத்து, குழாய திருப்பினதுக்கா காசுன்னாங்க. கோவமா கேக்கல, நிஜமாவே புரியாம கேட்டாங்க. அதான் எனக்கு பதில் வரல. போன்ல நான் எதுவும் சொல்லலையே, அங்க நின்னுட்டு என்னத்த கேக்கறது. ஒண்ணும் வாங்காம வந்துட்டேன். வீட்டுக்கு வந்து மீட்டர பாத்தா போக வர 130 கிலோமீட்டர், டோல் ரெண்டு தடவ, அரை நாள் வேலை போச்சு.

தனியா டிராவல்னு போட்டா ஜனங்க ஓடிருவாங்களோன்னு பயமா இருக்கு. அதவிட கஷ்டம் கோயில்ல பாத்து பழகினவங்க, நம்ம ஆளுதானே சும்மா வந்து எட்டிப்பாருன்னு சொல்றவங்க. அவங்ககிட்ட எப்படி கேக்கறது?

பீனிக்ஸ் வயர்மேன்

தம்பி, நான் 22 வருஷமா எலக்ட்ரிக்கல் வேலை பாக்கறேன், நேரா சொல்றேன், நீ காசு வாங்காம வந்தது தப்பில்ல, போன்ல சொல்லாம போனதுதான் தப்பு. இங்க கால்-அவுட் ஃபீ, அதாவது கூப்பிட்ட வீட்டுக்கு வந்து பாக்கறதுக்குன்னு வாங்கற காசு, எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம், ப்ளம்பர்லேர்ந்து பூட்டு திறக்கிறவன் வரைக்கும் வாங்கறான், யாரும் ஓடிப்போகல. ஆனா வாசப்படிக்கு போனப்புறம் சொன்னா அது சண்டைதான்.

சட்டமும் அப்படித்தான் இருக்கு. இந்த நாட்டு 2008ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்பு சட்டம், 68ம் நம்பர், அதுல 15வது பிரிவ பாரு. ரிப்பேருக்கு என்ன ஆகும்னு எஸ்டிமேட் போடறதுக்கோ, அதுக்காக மெஷின பிரிச்சு பாத்து கோளாற கண்டுபிடிக்கறதுக்கோ காசு வாங்கணும்னா, அந்த தொகைய முன்னாடியே சொல்லி அவங்க சரின்னு ஒத்துக்கிட்டிருக்கணும். அதே மாதிரி எஸ்டிமேட்டுக்கு மேல பில் போகுதுன்னா திரும்ப கேட்டுட்டுதான் மேல தொடணும். அதனால நான் எப்பவும் வாட்ஸ்அப்ல ஒரு வரி அனுப்புவேன், கால்-அவுட் இவ்வளவு, அதுல வந்து போறதும் முதல் அரை மணி நேர வேலையும் அடக்கம், சரியா? அவங்க ஓகேன்னு போட்டாத்தான் பக்கி சாவிய எடுப்பேன். அந்த ஒரு வரி பல சண்டைய மிச்சம் பண்ணிருக்கு எனக்கு.

கிலோமீட்டர் கணக்கு மட்டும் வேணாம். அவன் கூகுள்ல ஒரு தூரம் பாப்பான், நீ வேற ரோட்ல போயிருப்ப, அதுக்கு ஒரு வாக்குவாதம். நான் மூணு ஏரியாவா பிரிச்சு வச்சிருக்கேன். பீனிக்ஸ், மவுண்ட் எட்ஜ்கம்ப், வெருலம் ஒண்ணு. டர்பன் டவுன், சாட்ஸ்வொர்த் ஒண்ணு. டோங்காட் தாண்டினா ஒண்ணு. மாரிட்ஸ்பர்க் எல்லாம் போறதே இல்ல, 80 கிலோமீட்டர், நடுவுல மரியன்ஹில் டோல் வேற.

இன்னொண்ணு, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு. பிளக் இருக்கா, குழாய் திறந்திருக்கா, டிபி போர்டுல (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) எந்த சுவிட்ச் கீழ விழுந்திருக்கு, இதெல்லாம் போன்லயே பாத்துரலாம். உன் பலிட்டோ அம்மாவுக்கு அந்த வீடியோவே போதும், நீ போயே இருக்க வேணாம்.

வெருலம் பாட்டி

நான் காசு குடுக்கற பக்கத்துலேர்ந்து பேசறேன் பிள்ளைங்களா. கால்-அவுட் வாங்கறது எனக்கு தப்பா தெரியல, பெட்ரோல் சும்மா வராது. ஆனா போன மாசம் எங்க வீட்டு கேட் மோட்டருக்கு ஒருத்தர் வந்தார், உள்ள ஒரு சின்ன ஃபியூஸ் மாத்தினார், ஃபியூஸ் வெலைய விட அவர் வந்த செலவு பல மடங்கு. சுண்டக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு எங்கம்மா சொல்லும், அதுதான் ஞாபகம் வந்துச்சு. அதுகூட பரவால்ல. பக்கத்து தெருவுல இன்னொரு வீட்டுக்கும் அதே நாள் அதே ஆள் போயிருக்கார், அவங்ககிட்டயும் டர்பன்லேர்ந்து வந்ததா முழு காசு. ஒரே பெட்ரோலுக்கு ரெண்டு பேர்கிட்ட வாங்கினா அது நியாயமா? பென்ஷன்ல ஓடற குடும்பம் எங்களோடது.

அப்புறம் நீங்க யாரும் பேசாத ஒண்ணு. காலைல 8 மணிக்கு வரேன்னு சொல்லிட்டு சாயங்காலம் வரைக்கும் வராம இருக்கீங்களே, எம்மவ அன்னிக்கு லீவு போட்டு வீட்டுல உக்காந்திருந்தா, அந்த சம்பளத்த யார் குடுப்பா? உங்க நேரத்துக்கு காசு கேக்கறீங்க சரி, எங்க நேரத்துக்கும் ஒரு மதிப்பு வைங்க. லேட் ஆனா ஒரு போன் போதும்.

கோயில் ஆளுங்க விஷயத்துல, தம்பி, கேளு, வெக்கப்படாத. நம்ம பிள்ளைன்னு சொல்றவங்க நம்ம பிள்ளை பட்டினி கிடக்கணும்னு நினைக்க மாட்டாங்க.

ஜோபர்க் கணக்குப்பிள்ளை, லெனேசியா

பாட்டி சொன்னது ரொம்ப சரி. நான் சின்ன பிசினஸ்களுக்கு கணக்கு எழுதறவன், எல்லாரும் பண்ற ஒரு தப்ப இங்கயும் பாக்கறேன், டிராவல்னா பெட்ரோல் மட்டும்னு நினைக்கிறது. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், வண்டி தேயறது எல்லாம் அதுக்குள்ள வரும். ஒரு அளவுகோல் வேணும்னா, சொந்த வண்டிய கம்பெனி வேலைக்கு ஓட்டற ஊழியருக்கு திருப்பி குடுக்கறதுக்குன்னு சார்ஸ், அதாவது இங்கத்த வரித்துறை, ஒரு ரேட் சொல்லுது, 2025 மார்ச்ல ஆரம்பிச்ச வரி வருஷத்துக்கு அது கிலோமீட்டருக்கு 4 ராண்ட் 76 சென்ட்டா இருந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம் 4.84. அது கஸ்டமர்கிட்ட வாங்க வேண்டிய ரேட் இல்ல, ஆனா உன் வண்டி உண்மையில எவ்வளவு தின்னுதுன்னு புரிய உதவும். அந்த 4.76 கணக்குல 130 கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 619 ராண்ட், டோல் சேர்க்காம. நீ ரோட்ல ஓட்டின நேரத்துக்கு இதுல ஒரு சென்ட் கூட இல்ல, பாத்துக்க.

பெட்ரோல் வெலை ஒவ்வொரு மாசமும் முதல் புதன்கிழமை மாறும், அதனால டிராவல் ரேட்ட கல்வெட்டு மாதிரி வச்சிருக்காத, மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து பாரு. உங்களுக்காவது கடலோரம், வெலை கொஞ்சம் கம்மி, எங்களுக்கு இங்க உள்நாட்டுல இன்னும் கூட. வாட் வரிக்கு ரெஜிஸ்டர் பண்ணிருந்தா டிராவலுக்கும் 15 சதவீதம் சேர்த்துதான் போடணும், அது செலவு திருப்பி வாங்கறதுதானேன்னு சில பேர் விட்டுடறாங்க, அப்புறம் அபராதத்தோட கட்டறாங்க. முக்கியமா லாக்புக் எழுது தம்பி. தேதி, எங்க போன, எதுக்கு போன, எத்தன கிலோமீட்டர். வரி கட்டும்போது அது இல்லாம வண்டி செலவ காட்ட முடியாது.

வாஷிங்மெஷின் தம்பி, சாட்ஸ்வொர்த்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி பூரா படிச்சேன். அண்ணே, அந்த ஏரியா கணக்க அப்படியே எடுத்துக்கறேன். பாட்டி, நீங்க சொன்ன பக்கத்து தெரு விஷயம் மனசுல குத்துச்சு, நானே யோசிச்சதில்ல. இனிமே டோங்காட், பலிட்டோ, ஸ்டாங்கர் எல்லாம் வியாழக்கிழமை மட்டும். அன்னிக்கு எத்தன வீடோ அத்தன பேரும் கால்-அவுட்ட பங்கு போட்டுக்கட்டும், ஒரே வீடுன்னா முழுசும் அவங்க, அதையும் முன்னாடியே சொல்லிருவேன். அவசரம்னு வேற நாள் கூப்பிட்டா முழு ரேட். அரை மணிக்கு மேல லேட் ஆனேன்னா கால்-அவுட்ல பாதிதான் வாங்குவேன், இத நானே முடிவு பண்ணேன்.

இன்னிக்கு காலைல கோயில்ல தெரிஞ்ச ஒரு மாமா கூப்பிட்டார், ஃபிரிட்ஜ் கூலாகலன்னு. கை நடுங்குச்சு, இருந்தாலும் மெசேஜ் போட்டேன், மாமா கால்-அவுட் இவ்வளவு, முதல் அரை மணி அடக்கம்னு. ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு: சரிப்பா, சாப்பிடாம வா, மாமி இட்லி ஊத்தறா.