ஆஷ் அப்படிச் சாகிற ஆளா?

கல்லடி

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன். முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பனானா ஃபிஷ், அட்டாக் ஒன் டைட்டன், கோட் கியாஸ் என்ற மூன்று அனிமேக்களையும் (ஜப்பானிய அசைபடத் தொடர்கள்) பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

2022 மார்ச் கடைசி. இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரைக்கும் கரண்ட் இல்லாத நாட்கள். தங்கச்சியும் நானும் பனானா ஃபிஷின் 24 அத்தியாயங்களையும் கரண்ட் இருக்கும்போது இறக்கி வைத்து, போனபிறகு போனில் பார்த்தோம். கடைசி அத்தியாயத்தை ஒரு இரவு பார்த்தோம். வீடு முழுக்க இருட்டு, ஆளுக்கொரு காதில் இயர்போன்.

கதையின் நாயகன் ஆஷ், சின்ன வயதிலேயே கெட்ட பெரியவர்களின் கையில் சிக்கிச் சீரழிந்தவன். 17 வயதில் நியூயோர்க் தெருவில் ஒரு கூட்டத்துக்குத் தலைவன். அவன் உயிரோடு இருப்பதே அவனுடைய எச்சரிக்கையால்தான். ஜப்பானிலிருந்து வந்த எய்ஜி, முன்பு கோலூன்றிப் பாய்ந்துகொண்டிருந்த பையன், அவனைப் பயமில்லாமல் நெருங்குகிறான். ஒரு இடத்தில் ஆஷ், ஹெமிங்வேயின் கதையில் கிளிமஞ்சாரோ மலையில் செத்துக் கிடக்கும் சிறுத்தையைப் பற்றிச் சொல்வான். தன் சாவை நினைத்தால் அந்தச் சிறுத்தைதான் ஞாபகம் வருமாம். எய்ஜி விடமாட்டான். நீ சிறுத்தை இல்லை, மனுசன், மனுசனால் விதியை மாற்ற முடியும் என்பான். எனக்கு முழுக்கதையும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கடைசியில் சண்டையெல்லாம் ஓய்ந்துவிட்டது. காயப்பட்ட எய்ஜி ஊர் திரும்ப விமான நிலையத்துக்குப் போய்விட்டான். அவன் எழுதிய கடிதத்தை, சீனக் கூட்டத்துத் தலைவன் சிங் கொண்டுவந்து கொடுக்கிறான், கூடவே ஜப்பானுக்கு ஒரு டிக்கெட். நூலகத்தில் இருந்த ஆஷ் ஓடத் தொடங்குகிறான். வழியில் சிங்கின் அண்ணன் லாவோ, தம்பியை ஆஷ் கொன்றுவிடுவான் என்ற பயத்தில், கத்தியால் குத்துகிறான். ஆஷ் அவனைச் சுட்டுவிட்டு நூலகத்துக்கே திரும்பி வருகிறான். கடிதத்தின் மேல் தலையைச் சாய்த்து, சிரித்த முகத்தோடு சாகிறான். நூலகப் பெண் அவன் தூங்குவதாக நினைக்கிறாள்.

தங்கச்சி அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. யொஷிதா அகிமி இதை மங்காவாக (ஜப்பானியச் சித்திரக்கதை) வரைந்தது 1985 முதல் 1994 வரை. 2018இல் அனிமே வந்தபோது கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆஷின் அண்ணன் வியட்நாமுக்குப் பதில் ஈராக் போருக்குப் போனவன் ஆனான். எல்லாருடைய கையிலும் ஸ்மார்ட்போன் வந்தது. முடிவை மட்டும் தொடவில்லை. 1994இல் ஒருவன் யாருக்கும் தெரியாமல் ஒரு மேசையில் செத்துப்போவதை நம்பலாம். கையில் போன் இருக்கிற காலத்தில், அதுவும் ஆஷ், யாரையும் கூப்பிடாமல் போய் உட்கார்ந்தான் என்றால் எப்படி நம்புவது?

தங்கச்சியோடு தர்க்கம் பண்ணிய சத்தத்தில் அம்மப்பா எழும்பி வந்தார். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்காரர், வாலிப வயதில் எங்கள் ஊர் நாட்டுக்கூத்தான வடமோடிக் கூத்தில் அபிமன்யுவாக ஆடியவர். மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுக்கதையும் கேட்டார். தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு நடந்ததைப் போலத்தான் நானும் சொல்லியிருப்பேன். முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“அந்த ஊரில ஆஸ்பத்திரி இல்லையா மகள்?”

“இருக்கு அம்மப்பா.”

“நடந்து போய்க் கதிரையில இருக்க ஏலுமெண்டா ஆஸ்பத்திரிக்கும் போக ஏலும்தானே? அவன் அப்பிடிச் சாகிற ஆளா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “அபிமன்யுவுக்கு வியூகத்துக்குள்ள போகத் தெரியும், வெளிய வரத் தெரியா. கூத்துக் களரியைச் சுத்தி இருக்கிற சனத்துக்கெல்லாம் நான் சாகப்போறன் எண்டு தெரியும். ஆனா கடைசி மட்டும் அடிபட்டுத்தான் விழுவன். விடியுமட்டும் ஒருத்தரும் எழும்பிப் போகமாட்டாங்க.”

ஆஷ் கடைசி மட்டும் அடிபட்டு விழவில்லை. என் மனதில் ஆறாமல் இருப்பது அதுதான். உங்களுக்கும் இப்படி ஒரு முடிவு வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

வந்தாறுமூலை

ஆஷ் விசயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் அக்கா. நானும் ஹொஸ்டலில் விடியும்வரை இருந்து பார்த்தவன்தான். அவன் சுற்றிலும் பார்க்காமல் ஓடியது அந்த ஒரு முறைதான். எய்ஜியிடம் போகிற சந்தோசத்தில் எச்சரிக்கை கழன்றுவிட்டது, அதனால் கத்தி பட்டது. அது அவன் குணத்துக்கு வெளியே நடந்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு மட்டும் என்னிடமும் பதில் இல்லை. தன்னால்தான் எய்ஜிக்கு ஆபத்து என்று கடைசி வரை நம்பியிருந்தான் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

எனக்குப் பொய்யாகப்பட்டது அட்டாக் ஒன் டைட்டன் மங்காவின் கடைசி அத்தியாயம், 139. 2021 ஏப்ரலில் வந்த அன்றே வாசித்தேன். தான் நேசிக்கும் மிகாசா இன்னொருவனை விரும்பக் கூடாது என்று நாயகன் எரென் அழுவதைப் பலர் திட்டினார்கள். எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. ராட்சதர்களை ஏவி உலகத்தையே மிதித்த பிறகும் அவன் பத்தொன்பது வயதுப் பையன்தானே. என்னை உறுத்தியது அவனுடைய சின்ன வயதுத் தோழன் ஆர்மின். மனித குலத்தில் 80 வீதத்தை அழித்தவனிடம், எங்களுக்காக நீ கொலைகாரன் ஆனாய் என்று நன்றி சொல்கிறான். ஒரு ஆளைச் சுட்டதற்கே உடைந்துபோன ஆர்மின் அப்படிப் பேசுவானா? அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மொழிபெயர்ப்புப் பிழையாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

2023 நவம்பரில் அனிமேயின் கடைசிப் பகுதி வந்தபோது அந்த இடம் மாறியிருந்தது. ஆர்மின் பழியில் தனக்கும் பங்கு கேட்கிறான். வெளியுலகத்தைப் பற்றிய புத்தகத்தை உனக்குக் காட்டியது நான்தானே, நரகத்திலும் சேர்ந்தே இருப்போம் என்கிறான். எரென் சாவதில் மாற்றமில்லை. ஆனால் அன்றிரவு நான் நிம்மதியாகப் படுத்தேன். யாருடைய உயிரும் திரும்பி வரவில்லை, ஆர்மின் மட்டும் எனக்குத் திரும்பி வந்தான்.

காத்தான்குடி

நான் சொல்லப்போவது இதற்கு எதிர்ப்பக்கம். கோட் கியாஸ் 2008இல் முடிந்தபோது எனக்கு எட்டு வயது. பல வருசம் கழித்து ராத்தாவோடுதான் (அக்கா) பார்த்தேன். சுடத் துணிந்தவன் சுடப்படவும் துணிந்திருக்க வேண்டும் என்று நாயகன் லெலூஷ் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவான். கடைசியில் உலகத்தின் வெறுப்பு முழுவதையும் தன் மேல் வாங்கி, நண்பன் சுசாக்குவின் வாளாலேயே சாகிறான். தங்கச்சி நனலி அவன் கையைப் பிடித்த நொடியில் எல்லாம் விளங்கிக் கதறுகிறாள். ராத்தாவும் நானும் நோன்பு துறந்த களையில் இருந்தோம். ஒரு சொல்லும் பேசவில்லை. உம்மா வந்து என்ன நடந்தது என்று கேட்கும் வரைக்கும் அப்படியே இருந்தோம்.

அது அவனே விலை பேசி வாங்கிய சாவு. 2019இல் அவன் உயிரோடு வருகிற படம் வந்தது. ராத்தா கலியாணம் முடித்துப் போனபிறகு தனியாகப் பார்த்தேன். அவன் சிரிப்பதைப் பார்க்கச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனாலும் அது வேறு யாரோ போல இருந்தது. ராத்தாவிடம் அந்தப் படத்தைப் பற்றி இதுவரை சொல்லவில்லை.

அக்கரைப்பற்று

பனானா ஃபிஷில் 23 வரைக்கும் பார்த்தேன். நானா (அண்ணன்) முடிவைச் சொல்லிவிட்டார். 24 இன்னும் போனில் கிடக்கிறது. போன் மாற்றினாலும் அதையும் சேர்த்து மாற்றிக்கொள்கிறேன். திறக்க மனம் வரவில்லை.

கல்லடி

எல்லாருக்கும் நன்றி. வந்தாறுமூலைத் தம்பி சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். கத்தி பட்டதை ஏற்றுக்கொள்கிறேன். திரும்பி நூலகத்துக்குப் போனதை ஏற்க முடியவில்லை. விதியை மாற்றலாம் என்ற எய்ஜியின் பேச்சு அங்கேதான் தோற்றுப்போகிறது. அதைத் தோற்கடிக்கவா 24 அத்தியாயம்?

அந்த வருசம் வைகாசியில் செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோவிலுக்கு அம்மம்மாவோடு குளிர்த்திக்கு (அம்மனின் கோபத்தைத் தணிக்கும் சடங்கு) போனேன். சின்னதிலிருந்து போகிற இடம்தான், அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. கண்ணகியின் கதையைப் பாடும் வழக்குரையைப் படிக்கிறார்கள், மதுரை எரிகிறது. அதோடு நம்முடைய சனம் எழும்பி வீட்டுக்குப் போவதில்லை. அவளைக் குளிரப் பண்ணிப் பாடிவிட்டுத்தான் போகிறார்கள். ஒரு சொல்லையும் அழிக்காமல், எரிந்து நிற்கிறவளுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்கள்.

அன்றிரவு ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். ஆஷ் நூலகப் படியில் நின்று போனை எடுக்கிறான். சிங் வருகிறான். ஆஸ்பத்திரி. எய்ஜியின் விமானம் போய்விட்டது, அதை நான் மாற்றவில்லை. கண் விழித்தபிறகு ஆஷ் கேட்கிற முதல் கேள்வி அந்த டிக்கெட்டைத் திரும்பப் பாவிக்கலாமா என்பதுதான். இவ்வளவும் அம்மப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரி வந்த இடத்தில் தலையை ஆட்டினார்.

மேலே எழுத ஒரு விசயம் தெரியவேண்டும். வயிற்றில் கத்திக்குத்துப் பட்ட ஒருவரை எத்தனை நாள் கழித்து விமானத்தில் ஏற விடுவார்கள்? இங்கே தாதியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.