மறு: ‘டர்ன்’ என்பதற்குத் தமிழ்: முறையா, சுற்றா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

நான்கு நாள்களாக இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் நேற்றிரவு உட்கார்ந்து மறுபடி படித்தேன். நாம் தமிழாக்கும் ஃப்ரீசிவ் என்ற பேரரசு கட்டும் கணினி ஆட்டத்தின் சொற்றொடர்க் கோப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘டர்ன்’ (turn) நிற்கிறது. இது முடிவாகாமல் மற்ற எதிலும் கை வைக்க முடியாது. போன வாரம் ‘முறை’ என்று முன்மொழிந்தவன் நான்தான். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் சொல்லை நம்பி இரண்டு பேர் ஏற்கெனவே நிறைய வரிகளை மாற்றிவிட்டார்கள். அவர்களுக்காவது காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும்.

> முறை என்பது பழகிய சொல். தாயம் ஆடும்போது ‘உன் முறை, என் முறை’ என்கிறோம். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்து விடுகிறார்கள். முறைப்பாசனம் என்று செய்தித்தாளிலேயே வருகிறது. இதைவிட என்ன வேண்டும்?

உண்மைதான். நானும் இதே காரணத்தால்தான் அந்தச் சொல்லைப் பிடித்தேன். பிறகு, மொழிபெயர்த்த வரிகளை ஏற்றி, அக்கா மகனை உட்கார வைத்து ஆடச் சொன்னேன். பதினோரு வயது. அதே வகை ஆட்டமான சிவிலைசேஷனின் ஆறாம் பதிப்பை நன்றாக ஆடுவான். நகரத்தைத் திறந்தான், மதில் கட்ட உத்தரவு கொடுத்தான். திரையில் ‘நகர மதில்: 7 முறை’ என்று வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். “ஏழு தடவை மதில் கட்டணுமா மாமா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எண்ணோடு சேர்ந்தால் ‘முறை’ உடனே ‘தடவை’ ஆகிவிடுகிறது. 7 முறை என்றால் எந்தத் தமிழருக்கும் ஏழு தடவைதான். வேற்றுமை உருபு சேர்த்தால் இன்னும் மோசம்: ‘5 முறையில் தயாராகும்’ என்றால் ஐந்து வழிகளில் தயாராகும் என்று பொருள். ஒரு டர்னில் நம் நகர்த்தல்களை முடித்துக்கொள்ளும் பொத்தானில் ‘முறை முடிந்தது’ என்று எழுதியிருந்தோம். ஏதோ ஒழுங்கு குலைந்துபோனதாக அது ஒலிக்கிறது. எண்ணோடு சேராத சொல் இந்த ஆட்டத்துக்கு உதவாது. எண்ணாமல் இந்த ஆட்டம் ஓர் அடி நகராது: எழுத்தைக் கற்றுக்கொள்ள இத்தனை, நகரம் வளர இத்தனை, சமாதான உடன்படிக்கை முடிய இத்தனை.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. ஃப்ரீசிவில் யாரும் முறை வைத்து ஆடுவதில்லை! 1995 இறுதியில் டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் தொடங்கிய ஆட்டம் இது. வலைப்பின்னலில் பலர் சேர்ந்து ஆட வேண்டும் என்பதே நோக்கம். அதனால், நாமாக அமைப்பை மாற்றினாலொழிய, எல்லோரும் ஒரே நேரத்தில் காய் நகர்த்துகிறார்கள். நான் என் குதிரைவீரனை ஆற்றங்கரைக்கு அனுப்பும் அதே நொடியில் எதிராளியும் தன் நகரத்தில் வில்லாளியை நிறுத்துகிறார். எல்லோரும் முடித்ததும், அல்லது நேரம் தீர்ந்ததும், காலம் ஒருபடி முன்னே போகிறது. இதையே ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒன்று என்று நீட்டி, மாதக்கணக்கில் ஆடுபவர்களும் இருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒருவர் வந்து நகர்த்துவார், இன்னொருவர் நள்ளிரவில். இதில் ‘உன் முறை’ எங்கே இருக்கிறது?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, ஆடுவதற்கு எனக்குக் கிடைக்கும் வாய்ப்பு. மற்றது, ஆட்டத்தின் காலம் நகரும் படி. தாயத்தில் முதலாவது மட்டும் போதும். எத்தனையாவது என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை. பேரரசு கட்டும் ஆட்டத்தில் இரண்டாவதுதான் உயிர். சிவிலைசேஷன் ஐந்தாம் பதிப்பில் வழக்கமான வேகத்தில் மொத்தம் 500 டர்ன். கி.மு. 4000இல் தொடங்கும்போது ஒன்றுக்கு 40 ஆண்டுகள். கடைசியில் ஒன்றுக்கு அரை ஆண்டு. இது காலத்தை அளக்கும் படி. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக்கொண்டது என்பதற்காக நாமும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

ஆகவே என் முன்மொழிவு: வாய்ப்பு என்ற பொருளில் முறை, காலப்படி என்ற பொருளில் சுற்று.

‘நகர மதில்: 7 சுற்று’. ‘5 சுற்றில் தயாராகும்’. ‘சுற்று முடிந்தது’. ‘அடுத்த சுற்று’. அதே பையனிடம் இந்த வரிகளோடு மறுபடி கொடுத்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் ஒன்றரை மணி நேரம் ஆடினான். அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை. நிரல் எழுதும் நண்பர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. எண்ணுக்குப் பின் ‘கள்’ இல்லாமலே ‘1 சுற்றில்’, ‘7 சுற்றில்’ என்று இரண்டுக்கும் ஒரே வடிவம் நிற்கும். ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று என்று தனித்தனியாக மூளையைக் கசக்க வேண்டாம்.

> சுற்று என்றால் போட்டியின் சுற்று அல்லவா? சதுரங்கப் போட்டியில் ஐந்தாம் சுற்று என்கிறோம். குழப்பம் வராதா?

வராது என்று நினைக்கிறேன். போட்டியில் சுற்று என்பது எல்லோரும் ஒரு தரம் ஆடி முடிப்பது. இங்கேயும் அதே பொருள்தான், அளவுதான் சிறியது. ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்ற போர் ஆட்டத்தை ஆடியவர்கள் நினைத்துப் பாருங்கள். அதில் உண்மையாகவே முறை வைத்து ஆடுகிறார்கள்: முதலில் நான், பிறகு எதிரி. இருவரும் முடித்தால்தான் திரையின் மேலே உள்ள எண் ஒன்று கூடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். நம் சொற்களில் எழுதிப் பார்த்தால் ‘8ஆம் சுற்று, எதிரியின் முறை’ என்று சிக்கலே இல்லாமல் வந்து உட்காருகிறது. (அதே ஆட்டத்தில் ஆறு சுற்றுக்கு ஒரு நாள்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, பிறகு இரவில் இரண்டு காவல்வேளைகள். அவை நமக்கு முதற்சாமம், இரண்டாம் சாமம். இப்படி ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சொல் கைக்கு எட்டும்போது ஏற்படும் மகிழ்ச்சி தனி.)

> எங்கட பக்கம் தவணை எண்டு போடலாம். முதலாம் தவணை, இரண்டாம் தவணை எண்டு பள்ளிக்கூடத்திலயே எண்ணிப் பழகின சொல். 7 தவணையில மதில் முடியும் எண்டால் பிழை இல்லைத்தானே?

யாழ்ப்பாணத்து நண்பரின் இந்த மடலை நான் எளிதாக ஒதுக்கவில்லை. எண்ணோடு அழகாகச் சேர்கிறது. நகரம் மதிலுக்கு வேண்டிய உற்பத்தியைச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் விதத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டில் தவணை என்ற உடனே வண்டிக்கடன் நினைவுக்கு வந்துவிடும். அவ்வளவுதான் என் தயக்கம். சுற்று என்பது இரு கரையிலும் ஒரே பொருளில் ஓடும் சொல். ஆனால், ‘ஸ்ட்ராட்டஜி’க்கு அங்கே பாடநூலிலேயே ‘மூலோபாயம்’ என்று இருக்கிறதே, அதை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதை வரவேற்கிறேன். இங்கே உத்தி, வியூகம் இரண்டும் மாறி மாறி வருகின்றன. சிறு சண்டையில் ஒரு காயை எங்கே வைப்பது என்பதையும் உத்தி என்கிறோம், நூறு சுற்றுக்கு முன்பே திட்டமிடுவதையும் உத்தி என்கிறோம். உத்தியைச் சிறியதற்கு விட்டுவிட்டு, பெரியதற்கு மூலோபாயம் அல்லது வியூகம் என்று வைத்துக்கொண்டால் தெளிவு கிடைக்கும். எனக்கு வியூகம் நாவில் எளிதாக வருகிறது. இதில் பிடிவாதம் இல்லை.

‘ஈடு’ என்று ஒரு சொல்லும் என் மனத்தில் ஓடியது. அன்று அக்கா அடுக்களையிலிருந்து, “அடுத்த ஈடு இட்லி வெந்துருச்சு, எந்திரிச்சு வா” என்று கூப்பிட்டாள். பையன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “இன்னும் ஒரே ஒரு டர்ன்மா” என்றான். ஓர் ஈடு, இரண்டு ஈடு: ஒரு தொகுதி முழுதாக முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இதைவிட நெருக்கமான சொல் வேறு கிடையாது. ஆனால் ஈடு என்றால் ஒப்பு, அடமானம், இழப்பீடு என்று வேறு பொருள்கள் ஏராளம். நகரத்துப் பிள்ளைகளுக்கு இட்லி ஈடே அந்நியமாகிவருகிறது. மனமில்லாமல்தான் விட்டேன்.

அவன் சொன்ன அந்த வாக்கியம்தான் எனக்கு உரைகல். சிவிலைசேஷன் ஆடுபவர்கள் உலகெங்கும் சொல்லும் வாக்கியம் அது: இன்னும் ஒரே ஒன்று, அப்புறம் தூங்கப் போகிறேன். ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்றால் ஆட்டத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை ஆடுவதாகிவிடும். ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்றாலும் அப்படியே. ‘இன்னும் ஒரே ஒரு சுற்று’ என்று சொல்லிப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஆடுகிறவர் வாயில் அது இயல்பாக வரும்.

ஆட்டத்தின் சுவையே இதில்தான் அடங்கியிருக்கிறது என்பதால் சொல்கிறேன். 1991இல் மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட முதல் சிவிலைசேஷனை உருவாக்கியவர்கள் சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும். மெயர் முதலில் செய்த மாதிரி நிகழ்நேரத்தில், அதாவது காலம் நிற்காமல், ஓடியது. ஆடுகிறவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார், எதையும் ஆள்வதாகத் தோன்றவில்லை என்று அதைக் கைவிட்டு, சுற்றுகளாக மாற்றியமைத்தார். காலம் நமக்காக நின்று காத்திருக்கிறது என்ற உணர்வு அப்படித்தான் வந்தது. ஆகவே வகைப்பெயரும் சுற்றிலிருந்தே பிறக்கட்டும்: நிகழ்நேர ஆட்டத்துக்கு எதிர்நிலையில் சுற்றுமுறை ஆட்டம். ‘சுற்று அடிப்படையிலான’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஆங்கிலத்தின் எலும்புக்கூடு. வேண்டாம்.

விமரிசனம் எழுதும்போதும் இந்தச் சொல் தாங்குகிறதா என்று சோதித்தேன், ஏனென்றால் ஆடுபவர்கள் கருத்தைத் தமிழில் எழுத வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும். என் நெடுநாள் குறை இது: முதல் ஐம்பது சுற்று பறக்கிறது, முந்நூறைத் தாண்டினால் ஒரு சுற்றுக்கே கால் மணி நேரம் ஆகிறது, யார் வெல்வார் என்று தெரிந்த பிறகும் நாற்பது நகரங்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சிவிலைசேஷன் நான்காம் பதிப்பில் ஒரே கட்டத்தில் முப்பது காய்களைக் குவித்துக்கொண்டு எதிரி வருவான். 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பு அறுகோணக் கட்டங்களைக் கொண்டுவந்து, கட்டத்துக்கு ஒரு படைக்காய் என்று கட்டுப்படுத்தியது. போர் அழகானது. ஆனால் குறுகலான கணவாயில் காய்கள் ஒன்றன்பின் ஒன்றாக முட்டிக்கொண்டு நிற்கின்றன. எனக்கு இன்றும் நான்காம் பதிப்பே மேல். 2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பதிப்பு, வெளிவந்தபோது, ஆட்டத்தை மூன்று யுகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு யுகத்திலும் வேறு பேரரசுக்கு மாறச் சொன்னது. பழைய ஆட்டக்காரர்கள் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான். சுற்றுக்குச் சுற்று கட்டி வளர்த்த நூல் யுகம் மாறும்போது அறுந்துவிட்டது.

மேலே ‘காய்’ என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கோப்பில் ‘அலகு’ என்று இருக்கிறது. மீட்டர், கிலோவுக்குத்தான் அலகு. பலகையில் நாம் நகர்த்தும் எதுவும் தமிழில் காய்தான். வீரனும் காய், குடியேறியும் காய், கப்பலும் காய். தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

> ‘4எக்ஸ்’ என்ற வகைக்கு என்ன செய்வது? அப்படியே விட்டுவிடலாமா?

அப்படியே விட எனக்கு மனமில்லை. 1993இல் கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட் இதழில் மாஸ்டர் ஆஃப் ஓரியன் ஆட்டத்தைப் பற்றி எழுதியபோது ஆலன் எம்ரிச் உண்டாக்கிய பெயர் அது: புதிய நிலங்களைக் கண்டறிவது, பரவுவது, வளத்தைப் பயன்கொள்வது, பகையை ஒழிப்பது. நான்கும் ஆங்கிலத்தில் ‘எக்ஸ்’ என்ற ஒரே ஒலியில் தொடங்கும். மோனைதான் அதன் விளையாட்டு. மோனைக்குத் தமிழில் பஞ்சமா? ‘காண், கைக்கொள், கற, களை’ என்று முதலில் அமைத்தேன். யாப்புக்குப் பொருந்தும். ஆனால் ஆட்டத்தில் பரவல் தொடங்குவது பறித்துக்கொள்வதில் இல்லை. ஒரு குடியேறிக் காய் மெல்ல நடந்துபோய் ஆற்றோரத்தில் இரண்டாவது நகரத்தை ஊன்றுகிறது. அதற்குக் ‘கிளை’ என்ற வினை அப்படியே பொருந்துகிறது. காண், கிளை, கற, களை. ‘க’, ‘கா’ ஆகியவற்றுக்குக் ‘கி’ மோனையாகாது என்று யாப்பறிந்தவர்கள் சொல்வார்கள். அறிவேன். பொருளுக்காக இந்த ஒன்றை விட்டுக்கொடுங்கள். வகைப்பெயர் ‘நாற்ககர ஆட்டம்’.

ஒரு நண்பர், விளையாட்டுக்கெல்லாம் தமிழ்ச்சொல் தேடுவது வீண் வேலை என்று தனிமடலில் எழுதியிருந்தார். அவருக்கு ஒரு செய்தி. அதே ஏழாம் பதிப்பில் இடை யுகத்தில் சோழர் வருகிறார்கள். அவர்களுக்கே உரிய கட்டடங்களின் பெயர் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம். கப்பலின் பெயர் கலம். பழைய செப்பேடுகளில் கிடக்கும் வணிகக் குழுக்களின் பெயர்களை அமெரிக்க நிறுவனம் ஒன்று தேடி எடுத்து, மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்திருக்கிறது. எந்த ஊரிலிருந்தோ ஒரு பையன் இன்று மணிக்கிராமம் கட்ட எத்தனை சுற்று ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். அவன் அந்தக் கணக்கைத் தமிழில் போட ஒரு சொல் இருக்க வேண்டாமா?

கோப்பில் ‘சுற்று’ வர வேண்டிய இடங்களை நேற்று முழுக்கக் குறித்துவிட்டேன். ‘எதிரியின் முறை’ போன்ற சில இடங்களில் மட்டும் முறை அப்படியே இருக்கும். மறுப்பு உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கள் காலை மாற்றுகிறேன். ‘ஃபாக் ஆஃப் வார்’ இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ‘போர்ப்பனி’ என்று வந்த முன்மொழிவு எனக்கு ஒட்டவில்லை. முன்பு பார்த்திருந்தாலும் இப்போது நம் கண்ணுக்கு எட்டாத நிலத்தை மங்கலாக மூடியிருப்பது அது. ‘காணாநிலம்’ என்றால் எப்படி இருக்கும்?

அன்புடன்,
முன்பு ‘முறை’யை முன்மொழிந்தவன்