பனிக்கு ஓடவிடுவதா, இடிக்குக் கழற்றுவதா?

நானுஓயாவாசி:
மனைவிக்கு இடமாற்றம் கிடைத்ததால் கொழும்பிலிருந்து மலைநாட்டு நானுஓயாவுக்கு வந்திருக்கிறோம். பழைய வீடு, பலகைத் தரை, தகரக் கூரை. என்னிடம் இருப்பது இசைத்தட்டு ஓட்டும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, அதில் ஊசியைத் தாங்கும் ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ், ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப், ஒரு சோடி பெரிய ஸ்பீக்கர். மழை தொடங்கியதிலிருந்து வால்யூமைத் திருகினால் கரகரக்கிறது. காலையில் தட்டு போட்டால் பாடகியின் ‘ச’ எல்லாம் கிழிந்து கேட்கிறது. அதே தட்டு மத்தியானம் சுத்தமாகப் பாடுகிறது. ஆம்பை ராப்பகலாக ஓடவிடு, ஈரம் அண்டாது என்கிறார் செட் வாங்கிய கடைக்காரர். பக்கத்து வீட்டு எலெக்ட்ரீசியனோ வானம் இருட்டினாலே பிளக்கைக் கழற்று என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

வால்வுப்பித்தன்:
கடைக்காரர் பேச்சை. மலைநாட்டில் ஆம்ப் பாடிக் கெடுவதில்லை, சும்மா கிடந்துதான் கெடுகிறது. சில மாதம் மூடி வைத்த செட்டைத் திறந்து பாருங்கள், உள்ளே தானாகத் திறந்து மூடும் ரிலே சுவிட்சின் முனை கறுத்திருக்கும், பின்பக்க சாக்கெட்டில் பச்சை பூத்திருக்கும். உள்ளே கொஞ்சம் சூடு நின்றால் பனி எட்டிப் பார்க்காது. என் கண்ணாடிக் குழாய் வால்வு ஆம்ப் பண்டாரவளையில் எப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சூடான ஆம்பின் சத்தமே தனி, அது வேறு கதை.

கம்பிக்காரன் ஹட்டன்:
அண்ணே, எப்போதும் எரிகிறது என்றால் வருசத்துக்கு 8,760 மணி நேரம். இஎல்34 மாதிரி பவர் வால்வு சில ஆயிரம் மணி நேரம்தான் தாங்கும். ஒரே வருசத்தில் வால்வின் ஆயுளைத் தின்றுவிட்டு அதைப் பராமரிப்பு என்கிறீர்களே!

நானுஓயாத் தம்பிக்கு: மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி. கம்பத்தில் நேராக விழ வேண்டாம், பக்கத்து மலையில் விழுந்தாலே லைனில் பாய்ச்சல் வரும். சுவர் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். உள்ளே இரண்டு முனைக்கும் நடுவில் சில மில்லிமீட்டர்தான் இடைவெளி, மேகத்திலிருந்து தரைக்கு வந்ததற்கு அது ஒரு தாண்டலா? பிளக்கைக் கழற்ற வேண்டும். டிஷ் ஆண்டெனா கேபிளும் ரவுட்டருக்கு வரும் செம்புக் கம்பியும் ஆம்போடு சேர்ந்திருந்தால் அவற்றையும்தான். டிவிச் சத்தத்தை ஆப்டிகல் கேபிளில் எடுத்தால் அந்தப் பக்கத் தொல்லை ஒழியும், அதில் மின்சாரம் போகாது.

வால்வுப்பித்தன்:
வால்வை விடு தம்பி, அவர் வைத்திருப்பது டிரான்சிஸ்டர். இடிக்குத்தான் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் இருக்கிறதே. வேலைக்குப் போகிற மனுசன் பின்னேரம் மூன்று மணிக்கு ஓடி வந்து பிளக் கழற்றுவாரா?

கம்பிக்காரன் ஹட்டன்:
காலையில் போகும்போதே கழற்றிவிட்டுப் போகட்டும். சர்ஜ் புரொடெக்டர் பாய்ச்சலை எங்கே தள்ளும்? பெரும்பாலும் எர்த்துக்கு. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தேடினால் பாதி இடத்தில் இல்லை, மீதி இடத்தில் கருங்கல் மேல் ஒரு முழம் இறங்கி நிற்கிறது. நல்ல எர்த் இல்லாத வீட்டில் அந்தப் பெட்டி கிட்டத்தட்ட ஒரு மல்டி பிளக்தான். அடி வாங்க வாங்க உள்ளே பாய்ச்சலைத் தாங்குகிற எம்ஓவி என்ற உறுப்பு தேயும் என்பதையும் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். முதலில் எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள் தம்பி. கம்பி இறக்கி, போர்டில் எஸ்பிடி என்ற பாய்ச்சல் தடுப்பானைப் போட்ட பிறகு புரொடெக்டர் பற்றிப் பேசலாம். அப்போதும் இடி நேரத்தில் பிளக் வெளியேதான்.

இன்னொன்று, பாட்டில்லாமல் ராப்பகலாக ஓடும் ஆம்ப் 40 வாட் எடுத்தால் மாதம் 29 யுனிட் ஓடும். பில் அடுத்த படிக்குத் தாவினால் வீட்டில் பதில் சொல்லப்போவது அவர்தான்.

வால்வுப்பித்தன்:
கழற்றி வைத்தால் ஈரம் தின்னும். அதற்கு என்ன பதில்? இதுவரை சொல்லவில்லை.

பதுளை அக்கா:
நான் சொல்கிறேன். ஈரம் காற்றில் இருக்கிறது, ஆம்பின் வேலை அதைக் காய வைப்பதில்லை. 15 பாகையில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 66க்குப் பக்கம் இறங்கிவிடும். 70க்குக் கீழே பூஞ்சணம் பரவத் தடுமாறும். செட்டும் தட்டும் இருக்கும் அலுமாரியைச் சூடாக்கினால் போதும், அறை முழுவதும் வேண்டாம். அடித்தட்டில் 15 வாட் குண்டு பல்ப் ஒன்று, இசைத்தட்டுகள் மேல் படாமல். மாதம் 11 யுனிட் போகும். இடி இடித்தால் எரிந்து போவது பல்ப் மட்டும். ஸ்டூடியோக்காரர்கள் லென்ஸைக் காப்பாற்றுவதும் இப்படித்தான்.

காற்றின் ஈரத்தை எடுக்கும் டீஹியுமிடிஃபயர் வாங்கினால் கவனம். கம்ப்ரஸர் வகை இந்தக் குளிரில் உள்ளே பனி கட்டி சோர்ந்துவிடும், ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகைதான் நுவரெலியாப் பக்கத்துக்குச் சரி.

காலையில் ‘ச’ கிழிவதற்கும் குளிர்தான் காரணமாக இருக்கும். ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் குளிரில் இறுகி ஊசியால் பள்ளத்தைத் தொடர முடியாமல் போகும். விஎம்95இக்கு ஊசி தட்டை அழுத்தும் பாரம் 1.8 முதல் 2.2 கிராம் வரை வைக்கலாம், நடுவில் 2.0. நீங்கள் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

நானுஓயாவாசி:
1.8 அக்கா. குறைந்த பாரம் தட்டுக்கு நல்லது என்று எங்கோ வாசித்தேன்.

பதுளை அக்கா:
இல்லை, பாரம் குறைந்தால் ஊசி பள்ளத்துக்குள் துள்ளும், அதுதான் தட்டைக் கீறும். 2.0 வையுங்கள். குளிர் காலையில் 2.1 வைத்தாலும் பயமில்லை. அறை சூடேறிய பிறகு தட்டு போடுங்கள். வால்யூம் கரகரப்புக்கு, பிளக்கைக் கழற்றிவிட்டு கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, திருகை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை சுற்றுங்கள். டபிள்யூடி-40 வேண்டவே வேண்டாம்.

வால்வுப்பித்தன்:
அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அலுமாரிக்குள் ஆம்பை வைத்துப் பாட்டுக் கேட்பது எனக்கு ஒத்துவராது, காற்றோட்டம் வேண்டாமா?

பதுளை அக்கா:
கேட்கும்போது கதவைத் திறந்து வையுங்களேன்.

கம்பிக்காரன் ஹட்டன்:
😂 இதற்குத்தானா இத்தனை சண்டை! பலகைத் தரையை யாரும் கவனிக்கவில்லை. டெக்னிக்ஸைத் தரையில் நிற்கும் மேசையில் வைக்காதீர்கள், ஆள் நடந்தாலே ஊசி ஆடும். கற்சுவரில் ஒரு பலகைத் தட்டு அடித்து அதில் வையுங்கள். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமா ரப்பரா? ஃபோம் என்றால் இந்த ஈரத்தில் சீக்கிரம் பொடிப் பொடியாக உதிரும், விரலால் அழுத்திப் பார்க்கவும் வேண்டாம்.

நானுஓயாவாசி:
ரப்பர்தான், தப்பித்தேன். எர்த் அளக்க ஆள் சொல்லிவிட்டேன், அலுமாரிக்கு பல்ப் நாளைக்கு. ஞாயிற்றுக்கிழமை தட்டெல்லாவற்றையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் வடிநீரும் கலந்து துடைக்கப் போகிறேன். மாமனாருடைய பழைய 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுபவை) ஒரு பெட்டி இருக்கிறது, பூஞ்சணம் பிடித்து. அவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்.

பதுளை அக்கா:
நில்லுங்கள்! 78 தட்டில் ஆல்கஹால் படவே கூடாது. அநேகமாக அவை ஷெல்லாக் என்கிற அரக்கு, ஆல்கஹாலில் கரையும், பாட்டே அழிந்துவிடும். வடிநீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய பிரஷால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நடு லேபிள் நனையாமல் உடனே ஒற்றி எடுங்கள். ஊற வைக்காதீர்கள். பழைய காகித உறையை வீசிவிடுங்கள், பூஞ்சணம் அதில்தான் குடியிருக்கிறது. உங்கள் டெக்னிக்ஸில் 78 வேகம் இருக்கிறதா? பழைய மாதிரிகளில் 33உம் 45உம்தான். 78க்கு ஊசியும் வேறு, தடித்தது. அதை வாங்கும்வரை கழுவினால் போதும், போட்டுப் பார்க்காதீர்கள்.