குடிக்காத மனிதருக்குக் கல்லீரல் வீங்கினால்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கடைசிப்பெஞ்சு
அப்பா ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனாலும் ஏழெட்டு மாதம் குடிகாரர் பட்டத்தோடு அலைந்தார். வயிறு பானையாக வீங்கியிருந்தது, கண்ணில் லேசான மஞ்சள், ஸ்கேனில் கல்லீரல் பெரிது. "எவ்வளவு குடிப்பீங்க?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அவர் இல்லை என்றதும் என் முகத்தைப் பார்ப்பார்கள். இரண்டு தடவை வயிற்று நீரை ஊசி போட்டு எடுத்தும் திரும்பச் சேர்ந்தது.

மூன்றாவது முறை அட்மிட் ஆனபோது ஒரு பயிற்சி டாக்டர் வந்தார், சின்னப் பெண். அப்பாவைச் சாய்வாக உட்கார வைத்து, டார்ச் அடித்து, கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கழுத்து நரம்பு காது மடல் வரை புடைத்தது. கையை எடுக்கும்வரை இறங்கவே இல்லை. "ஐயா, கோளாறு வயித்துல இல்ல, மேல இருக்கு" என்றார். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை தடித்து இறுகியிருந்தது. இளவயதில் வந்த டிபியின் மிச்சம். இதயம் விரிய இடமில்லாததால் திரும்பி வரும் ரத்தம் கல்லீரலில் தேங்கியிருக்கிறது. ஆபரேஷனில் உறையை உரித்தெடுத்தார்கள், நீர் மறுபடி வரவில்லை.

அந்த மாதங்களில் ஒருநாள் நானும் அவர் அலமாரியைத் துழாவினேன். அது அவருக்குத் தெரியும்.

ஊர்க்குருவி
எங்கள் அம்மாவுக்கு மாரடைப்பு, பிரஷர் அதலபாதாளம். மறுநாள் எஸ்ஜிபிடி (கல்லீரல் செல்கள் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) 5,200. லேபிலிருந்து வார்டுக்குப் போன் போட்டு, "சாம்பிள் மாறிடுச்சா?" என்று கேட்டார்களாம். நர்ஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பிரஷர் ஏறியதும் அதுவும் மளமளவென்று இறங்கி, பத்து நாளில் கிட்டத்தட்ட பழைய நிலை.

நடுவழி
ஊர்க்குருவி, உங்கள் கதை வேறு, மேலே உள்ளவர் கதை வேறு. குழப்பாதீர்கள். அவருக்கு ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேக்கம். உங்கள் அம்மாவுக்கு ரத்தம் போய்ச் சேராமல் பட்டினி. தேக்கத்தில் எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்கில் ஏறாது. கல்லீரல் டெஸ்ட்டில் வரும் மற்ற இரண்டு அளவுகள், பிலிரூபினும் (மஞ்சள் நிறமி) ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் (இன்னொரு என்சைம்), கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கடைசிப்பெஞ்சு, எடுத்த நீரில் புரதம் பார்த்தார்களா? சிரோசிஸ், அதாவது கல்லீரலே தழும்பேறிக் கெட்டுப்போனதால் சேரும் நீரில் பெரும்பாலும் குறைவாக இருக்கும். இதயத்தால் சேரும் நீரில் டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்கு மேல் இருக்கும். அதைப் பார்த்திருந்தாலே அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும்.

எனக்கு இதயம் பம்ப் செய்வது குறைவு. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும், கேஸ் என்று இருந்துவிட்டேன், அதுவும் இந்தத் தேக்கம்தான். என் கதை இவ்வளவுதான். ஆனால் எல்லோருக்கும் சொல்கிறேன்: தினமும் காலையில் கழிவறை போய்வந்ததும், சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நீர் மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை) எடுப்பவர்கள், கல்லீரலில் ரத்தம் தேங்கும்போது அதே டோஸிலேயே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) எகிறும், கவனம். "லிவர் டானிக்" எதையும் வாங்கிக் குடிக்காதீர்கள். கோளாறு இதயத்தில் இருக்கும்போது டானிக் என்ன செய்யும்?

ஊர்க்குருவி
சார், நான் யோசனை கேட்கவில்லையே. அந்த நர்ஸ் பார்த்த பார்வையைத்தான் எழுதினேன்.

கடைசிப்பெஞ்சு
புரதம் பார்த்திருக்கிறார்கள். 3.8. ரிப்போர்ட் ஃபைலிலேயேதான் இருந்தது, யாரும் படிக்கவில்லை. நானும்தான்.

தாழ்வாரம்
எங்கள் மகளுக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஒரே பம்ப் அறைதான். நாலு வயதில் ஃபோன்டான் ஆபரேஷன். உடம்பிலிருந்து வரும் ரத்தம் பம்ப் இல்லாமலே நேராக நுரையீரலுக்குப் போகும். அதற்கு விலை, அந்த ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்களில் எப்போதும் கூடுதல் அழுத்தம். இப்போது பதினாறு. போன மாதம் கல்லீரலில் தழும்பு என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டரிடம் அவளே கேட்டாள், "அப்போ என்னைக் காப்பாத்தின ஆபரேஷன்தான் இதையும் செஞ்சுதா?" அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, "ஆமாம்மா" என்றார். அடுத்த ஸ்கேன் ஆறு மாதம் கழித்து.