பாவுதடம்: டயர் சாலையில் படியும் இடத்துக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன்.

டயரும் சாலையும் ஒன்றையொன்று தொடுகிற அந்தக் கையகல இடத்துக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தொடுபரப்பு, தொடர்புப் பரப்பு, பிடிப்பிடம். நான்காவதாக நான் ஒன்றை முன்வைக்கிறேன்: பாவுதடம். காரணம் கொஞ்சம் நீளம். என் வண்டிக்குப் பின் டயர் மாற்றப் போனதையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும்.

சைடுகார் மாட்டிய பழைய புல்லட் ஒன்று வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியாது. ஆஸ்பத்திரிக்கும் கட்டபெட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கும் சைடுகாரில்தான் வருவார். மூன்றாவது சக்கரம் சேர்ந்துவிட்டால் மோட்டார் சைக்கிள் வேறு வண்டியாகிவிடும். வளைவில் சாயாது. மோட்டார் சைக்கிள் டயரின் முதுகை உருட்டிச் செய்திருப்பதே, வண்டி சாயும்போதும் ரப்பர் சாலையில் படிய வேண்டும் என்பதற்காகத்தான். சாயாத வண்டியில் அந்த உருண்டையின் நடுப்பகுதி மட்டும் உழைக்கும், ஓரங்கள் சும்மா கிடக்கும். என் பின் டயர் அப்படித்தான் தேய்ந்தது. நடுவில் முழு மொட்டை, இரண்டு ஓரத்திலும் பட்டன் புதுக்கருக்குக் கலையாமல் இருந்தது.

மழை நாளொன்றில் சில்வர் ஓக் சருகு நனைந்து கிடந்த இறக்கத்தில் பிரேக் பிடித்தேன். பின் சக்கரம் வழுக்கி, வண்டி சாலைக்குக் குறுக்கே திரும்பி நின்றது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, முன்கம்பியைப் பிடித்த பிடியை மட்டும் வீடு வரும்வரை விடவில்லை. மறுநாள் காலையில் டயர் கடை திறப்பதற்கு முன்பே அங்கே போய் நின்றேன்.

கடைக்காரர் சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து மலையில் தங்கிவிட்டவர். சக்கரத்தைக் கழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, நடுவுல மூணு விரக்கடைதான் இதுவரைக்கும் ரோட்டுல பாவியிருக்கு. மிச்ச ரப்பரு சும்மாதான் சுத்தியிருக்கு."

பாவியிருக்கு! நாம் இங்கே மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கும் சொல்லை அவர் டயரை உருட்டிக்கொண்டே சொல்லிவிட்டார். மகிழ்ச்சியில் துள்ளுகிறவனைப் பார்த்து "கால் தரையில் பாவவில்லை" என்கிறோம். குழந்தை நடை பழகும்போது, "பாதம் இன்னும் நன்றாகப் பாவவில்லை" என்று பாட்டிமார் சொல்வார்கள். தளத்துக்குக் கல் பாவுகிறோம், நாற்றங்காலில் விதை பாவுகிறோம். எல்லாவற்றிலும் ஒரே செயல்தான் நடக்கிறது: ஒன்று இன்னொன்றின்மேல் பரவிப் படிந்து நிற்கிறது. சுமை ஏறியதும் டயரின் ரப்பர் சாலைமேல் செய்வதும் இதைத்தான். வெறுமனே தொடுவது என்று அதைச் சொல்ல முடியாது.

சரி, சொல் இனிமையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கேட்கவில்லை. அன்று கடையிலேயே ஒரு சோதனை செய்தோம். அதற்கப்புறம்தான் தொடுபரப்பு என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை போனது.

கடையில் இரண்டு புது டயர் இருந்தன. ஒன்று முன்பு போட்டிருந்த அதே உருண்டை முதுகு ஜாதி. இன்னொன்று முதுகு தட்டையாக, கட்டை கட்டையாகப் பட்டன் உள்ளது. முதலாவதை மாட்டி, 30 பவுண்டு காற்று வைத்து, ஜாக்கியில் தூக்கி, அடியில் முத்திரை மையைத் தடவினோம். கீழே டீத்தூள் பெட்டியின் அட்டையைப் போட்டு, நான் சீட்டில் உட்கார்ந்து, சைடுகாரில் ஒரு சிமென்ட் மூட்டையை ஏற்றி, சக்கரத்தை மெதுவாக இறக்கினோம். அட்டையில் விழுந்த தடம் முற்றிய தேயிலை மாதிரி இருந்தது. நீளம் 15 சென்டிமீட்டர், நடு அகலம் 6 சென்டிமீட்டர், இரு முனையும் கூம்பி. பிறகு இரண்டாவதை மாட்டி அதேபோலச் செய்தோம். இந்த முறை மூலை மழுங்கிய பிரெட் துண்டு மாதிரி விழுந்தது. அகலம் 8, நீளம் 9.

இப்போது பரப்பைக் கணக்கிடுங்கள். தேயிலை வடிவம் ஏறக்குறைய 70 சதுர சென்டிமீட்டர், பிரெட் துண்டு ஏறக்குறைய 72. வித்தியாசமே இல்லை! யோசித்தால் இதில் வியப்பும் இல்லை. 30 பவுண்டு காற்று, அதாவது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு, என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. பின் சக்கரத்தில் 150 கிலோ இறங்குகிறது என்றால், அதைத் தாங்க 70 சொச்சம் சதுர சென்டிமீட்டர் தரையில் படிந்தாக வேண்டும். டயர்ச் சுவரின் விறைப்பால் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், அவ்வளவுதான். பரப்பைத் தீர்மானிப்பது சுமையும் காற்றும். டயரின் முதுகு தீர்மானிப்பது அந்தப் பரப்பு எந்த வடிவத்தில் கிடக்கிறது என்பதை.

சைடுகார்காரனுக்கு வேண்டியது அந்த வடிவம். வண்டி சாயாததால் கொண்டை ஊசி வளைவில் டயரை அப்படியே பக்கவாட்டில் தள்ளுகிறது. கல்லட்டிப் பாதையின் 36 வளைவையும் சாயாமல் திரும்ப வேண்டிய வண்டி இது. தடம் அகலமாக இருந்தால் தேய்மானம் முதுகு முழுக்கப் பரவும், நடுவில் மட்டும் மொட்டை விழாது. பரப்பு என்று முடிகிற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கருத்தை எழுதிப் பாருங்கள்: "தொடுபரப்பு மாறவில்லை, தொடுபரப்பின் வடிவம் மாறியது." வாசகர் குழம்புவார். "பாவுதடம் அகன்றது, அதன் பரப்பு மாறவில்லை" என்றால் ஒரே வாசிப்பில் பிடிபடும். தடம் என்பது வடிவத்தைச் சொல்லும் சொல். யானைத் தடம், மாட்டுத் தடம் என்றதும் கண்ணுக்குள் வருவது உருவம்தானே?

இந்தச் சொல்லை முன்பே சிலரிடம் சொல்லிப் பார்த்தேன், அவர்கள் சொன்ன மறுப்புகளைப் பார்ப்போம். சேலத்து ஐயா எழுதியது:

> பாவு என்றால் எங்கள் பக்கம் நெசவுப் பாவு. பாவடி என்று இடமே உண்டு. குழப்பம் வராதா?

ஐயா, நியாயமான கேள்வி. பாவடி என்பது நெசவாளர் பாவு விரிக்கும் இடம் என்பதால்தான், முதலில் எழுதி வைத்திருந்த "பாவடி"யை நானே அடித்துவிட்டேன். ஆனால் நூலைத் தரையோடு நீட்டி விரிப்பதும் அதே விரிதல்தான். பாவுதடம் என்று சேர்த்துச் சொன்னால் தறி யார் நினைவுக்கும் வராது என்று நம்புகிறேன்.

சென்னைத் தோழிக்குப் பாவம், பாவி என்று காதில் விழுகிறதாம். "பாவிடம்" என்று வைத்தால் அப்படித்தான் விழும், அதனால் அதையும் தள்ளிவிட்டேன். பாவுதடத்தில் உகரம் தெளிவாக நிற்கிறது. ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, நடுவில் வல்லினம் மிகாது. "பாவுத்தடம்" என்று யாரும் எழுதிவிட வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

தடம் என்பது போன பிறகு எஞ்சுவது, இதுவோ இருக்கும்போதே உள்ளது என்ற மூன்றாவது மறுப்புதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. அதற்குத்தான் "பாவு" முன்னால் நிற்கிறது. பாவிய தடம் என்றால் எஞ்சியது. பாவுதடம் முக்காலத்துக்கும் பொது, இந்தக் கணத்தில் படிந்திருப்பதையும் அது சொல்லும்.

பிடிப்பிடம் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் நனைந்த சருகுமேல் அந்த இடம் இருக்கிறது, பிடிப்பு இல்லை. அங்கே சொல் பொய்யாகிவிடுகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. ரயிலுக்கும் இதே சொல் செல்லும். இரும்புச் சக்கரத்தின் பாவுதடம் ஒரு நாணய அளவுதான். 1899இல் குன்னூர்வரை ஏறிய நம் மலை ரயில், 12 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்தை அந்த நாணய அளவை மட்டும் நம்பி ஏற முடியாது. அதனால்தான் கல்லாறிலிருந்து குன்னூர்வரை நடுவில் பல் தண்டவாளம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது?

டயர் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்காக. பழைய அளவு 3.25-19 (அங்குலத்தில் டயரின் அகலமும் ரிம்மின் விட்டமும்). இப்போது போட்டிருப்பது 3.50-19, தட்டை முதுகு உள்ளது. சுவரில் சுமை எண் 57, அதாவது 230 கிலோ தாங்கும். இந்தச் "சுமை எண்" என்ற சொல்லில் நம் குழுவில் யாருக்கும் சண்டை இல்லை. டயர்ச் சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் பார்த்துத்தான் வாங்கினேன், முதல் இரண்டும் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. கார் டயர் போடச் சொன்னவர்களும் உண்டு. புல்லட் ரிம்மில் விளிம்பு உட்காரும் படியின் வடிவம் காருடையது போல இல்லை. அம்மாவை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை எனக்கு வேண்டாம்.

காற்றுப் பற்றி ஒன்று. மேட்டுப்பாளையத்தில் அடித்த காற்றோடு ஊட்டிக்கு ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானி ஏறக்குறைய 3 பவுண்டு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் 15 டிகிரி குளிர்ந்தால் 2 பவுண்டுக்குமேல் இறங்கிவிடும். இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. மலையேறும்போது பாவுதடம் பெரிதாக மாறாமல் இருப்பது இதனால்தான்.

பதிவேட்டில் "பாவுதடம்: சுமையோடு நிற்கும் அல்லது உருளும் சக்கரம் தரையில் படிந்திருக்கும் பகுதி" என்று சேர்க்கலாமா? வினையாக "டயர் நன்றாகப் பாவுகிறது" என்பதையும் எடுத்துக்காட்டாகப் போட வேண்டுகிறேன். மை பதிந்த அட்டை இரண்டையும் கடைக்காரர் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். மழை விட்டதும் போய்ப் படம் எடுத்து அனுப்புகிறேன்.